புத்தகம் வாங்கணுமா, டாக்ஸ் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சனி, ஞாயிறு மாலைகளில் லினக்ஸும் பைத்தானும் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், வேலை மாற நினைப்பவர்கள், எப்போதாவது ஒரு பேராசிரியர் என்று கலவையான கூட்டம். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கை சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

சார், டாக்குமெண்டேஷன், டாக்ஸ்னு சொல்றீங்களே, அதுவும் ஒரு புத்தகம்தானா?

மென்பொருளை உருவாக்கியவர்கள் அதோடு சேர்த்தே எழுதி வெளியிடும் விளக்கம்தான் டாக்ஸ். மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் பிரிக்காமல் பீரோவுக்குள் போடுவார்களே, அதன் பெரியண்ணன். மிக்ஸிக்கு எட்டுப் பக்கம் போதும். மென்பொருளுக்கு ஆயிரக்கணக்கில் போகும்.

ஒரு காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டை, அதை உருவாக்கிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பரில் தாளில்தான் வெளியிட்டார்கள். இன்று உங்கள் லினக்ஸில் 'மேன்' என்று தட்டினால் விரிகிற பக்கங்கள் அதன் நேர் வாரிசுகள். தலைப்புகளின் அமைப்புகூடப் பெரிதாக மாறவில்லை.

எல்லாம் நெட்ல சும்மா கிடைக்குதே, அப்புறம் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?

தகவலுக்காக என்றால் வாங்கவே வேண்டாம். தகவல் முழுக்க இணையத்தில் இருக்கிறது, அதுவும் புத்தகத்தில் இருப்பதைவிடப் புதிதாக. புத்தகத்துக்குக் கொடுக்கும் காசு வரிசைக்கு. எதை முதலில் சொல்வது, எதை இருநூறாம் பக்கம் வரை தள்ளிப்போடுவது, எதைச் சொல்லாமலே விடுவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். படிக்கும்போது அந்த யோசனை நமக்கு மிச்சம்.

இதற்கு மைக்கேல் கெரிஸ்க்கைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2004 முதல் பல வருடங்கள் லினக்ஸ் மேன் பக்கங்களைப் பராமரித்தவர் அவர். இலவச டாக்ஸ் போதும் என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் யார்? அவரே 2010-இல் லினக்ஸின் சிஸ்டம் அழைப்புகளை (நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் வழிகளை)ப் பற்றி 1,552 பக்கத்தில் ஒரு விலைப் புத்தகம் எழுதினார். கோப்பைத் திறக்கும் 'ஓபன்' அழைப்பின் மேன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: எத்தனை தெரிவுகள் உண்டோ அத்தனையும் அகரவரிசையில் நிற்கும். தினமும் வேண்டியதும் பத்து வருடத்தில் ஒருமுறை வேண்டியதும் பக்கத்துப் பக்கத்தில். புத்தகத்தில் அதே 'ஓபன்', ஒரு கோப்பை நகலெடுக்கும் சின்ன நிரலுக்குள் தேவையான அளவுக்கு மட்டும் தலைகாட்டும். மிச்சம் பிறகுதான் வரும். விஷயமும் கையும் ஒன்றேதான், அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

டாக்ஸைத் திறந்தாலே தலை சுத்துது சார். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

பெரும்பாலும் தவறான வாசல் வழியாக நுழைந்திருப்பீர்கள். கூகுளில் தேடினால் அது நேராக ரெஃபரன்ஸ் பக்கத்தில், அதாவது ஒவ்வொன்றின் விவரமும் பட்டியலாக நிற்கும் பக்கத்தில், கொண்டுபோய் இறக்கிவிடும். டேனியேல் ப்ரோசிடா என்பவர் டாக்ஸை நான்காகப் பிரித்திருக்கிறார்: கைபிடித்துச் சொல்லித்தரும் டுடோரியல், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழி, ரெஃபரன்ஸ், ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் டாக்ஸ் முகப்பிலேயே இந்தப் பிரிவினை இருக்கும். புதியவர் நுழைய வேண்டியது டுடோரியல் வாசல்.

ரெஃபரன்ஸ் என்பது சூத்திரம். தொல்காப்பியச் சூத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் இலக்கணம் கற்றதில்லை. இளம்பூரணரோ சேனாவரையரோ உரை சொன்னால்தான் வழி திறக்கும். ஆனால் பாடம் ஏறிய பிறகு சந்தேகம் தீர்க்கச் சூத்திரம்தான் வேண்டும், உரையைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. டாக்ஸுக்கும் புத்தகத்துக்கும் அதே உறவு.

சூத்திரம் வாசிக்க ஒரு சின்னப் பயிற்சி. பைத்தான் டாக்ஸில், வரிசைப்படுத்தித் தரும் 'சார்ட்டட்' பக்கம் போனால் அடைப்புக்குறிக்குள் இப்படி இருக்கும்: இட்டரபிள், ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம், கீ = நன், ரிவர்ஸ் = ஃபால்ஸ். அந்தச் சாய்கோட்டைப் பார்த்து மிரளாத மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பெயர் சொல்லிக் கொடுக்கக் கூடாது, இடத்தை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பதைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சமக்குறி போட்டவை எல்லாம் விட்டுவிட்டாலும் பரவாயில்லை. அவ்வளவுதான். இந்தச் சாய்கோட்டை நம் நிரலிலேயே எழுதும் வசதி 2019-இல் பைத்தான் 3.8 உடன் வந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

அப்போ ஒரு நல்ல புத்தகம் இருந்தா டாக்ஸ் பக்கமே போக வேண்டாமா?

போகத்தான் வேண்டும். போன வருடம் வகுப்பில் நடந்தது. ஒரு பெண் பஸ் நேரங்களை ஒரு கோப்பில் தட்டிவைத்து, வரிகளைப் பிரிக்க 'ஸ்பிளிட்' போட்டிருந்தாள். சில வரிகள் ஒழுங்காகப் பிரிந்தன, சிலவற்றில் நடுவே வெறும் மேற்கோள் குறிகள் மட்டும் வந்து நின்றன. அவளிடம் இருந்த புத்தகம் 'ஸ்பிளிட் ஒரு வரியைச் சொற்களாகப் பிரிக்கும்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டிருந்தது.

டாக்ஸில் அந்தப் பத்தியை எடுத்துப் படித்தோம். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் கொடுக்காவிட்டால், அடுத்தடுத்து வரும் இடைவெளிகளை எல்லாம் ஒன்றாகக் கணக்கிடும். நீங்களாக ஒரு இடைவெளியைக் கொடுத்தால் ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாக வெட்டும், இரண்டு சேர்ந்திருந்தால் நடுவில் ஒரு காலிச் சொல் பிறக்கும். அவள் இடைவெளியைக் கொடுத்திருந்தாள். சில வரிகளில் தட்டும்போது ஸ்பேஸ் இரண்டு தடவை விழுந்திருந்தது. இந்த நுணுக்கத்தை எல்லாம் உள்ளே வைத்தால் எந்தப் புத்தகமும் முடியாது. புத்தகம் விட்டுவிட்டதில் தவறில்லை, அதோடு நின்றதுதான் தவறு.

எனக்கு இங்கிலீஷ் தகராறு. டாக்ஸ் கஷ்டமா இருக்குமே?

என் அனுபவத்தில் புத்தகத்தைவிட டாக்ஸ்தான் சுலபமான ஆங்கிலம். புத்தக ஆசிரியர்கள் கதை சொல்வார்கள், ஜோக் அடிப்பார்கள், பேஸ்பால் உவமை எல்லாம் வரும். டாக்ஸில் அந்த வம்பே கிடையாது, ஒரு சிறு கைப்பிடிச் சொற்களே திரும்பத் திரும்ப வரும். ரிட்டர்ன்ஸ், ரெய்சஸ், ஆப்ஷனல், டிஃபால்ட். ஒரு நோட்டில் எழுதி அர்த்தம் போட்டு வைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஒரு சொல்லை மட்டும் விளக்கிவிடுகிறேன், எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது: டெப்ரிகேட்டட். 'நீக்கப்பட்டது' என்று அர்த்தம் இல்லை. இன்னும் வேலை செய்யும், ஆனால் வழியனுப்பு விழாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக எழுதும் நிரலில் சேர்க்காதீர்கள்.

தமிழ்ல எதுவுமே இல்லையா அண்ணா?

இருக்கிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எழுதிவருகிறது. அதில் தொடராக வந்த லினக்ஸ், மைஎஸ்கியூஎல் பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூல்களாகவும் கிடைக்கின்றன. ஆரம்பப் பாடமாகத் தாராளமாகப் படிக்கலாம். ரெஃபரன்ஸுக்கு ஆங்கில டாக்ஸ்தான் கதி. கருத்து தமிழில் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் ஆங்கிலப் பக்கம் பாதி எளிதாகிவிடும்.

சீனியர் ஒருத்தர் பழைய சி புத்தகம் குடுத்தார். டர்போ சி போட்டிருக்கு. படிக்கலாமா?

அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். முதல் நிரலே திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' இல் தொடங்குகிறதா? மெயினுக்கு முன்னால் 'வாய்ட்' இருக்கிறதா? அப்படியானால் அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புத்தகம். சுட்டிகள், அணிகள், லூப் எல்லாம் அதிலிருந்தே படிக்கலாம், அவை மாறவில்லை. ஆனால் நிரலை அப்படியே லினக்ஸின் சி கம்பைலரான ஜிசிசியில் போட்டால் முதல் வரியிலேயே சண்டை வரும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: 'கெட்ஸ்'. பழைய புத்தகங்கள் பயனரிடம் பெயர் வாங்க கெட்ஸைச் சர்வசாதாரணமாகச் சொல்லித்தரும். எவ்வளவு எழுத்து வந்தாலும் அது கேள்வி கேட்காமல் உள்ளே கொட்டும், ஒதுக்கிய இடத்தைத் தாண்டினாலும் கொட்டும். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய, தானாகப் பரவும் மோரிஸ் வார்ம் என்ற நிரல் நுழைந்த ஓட்டைகளில் ஒன்று இந்த கெட்ஸ்தான். ஃபிங்கர் என்ற சேவை 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, கெட்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தது. 2011-இல் வந்த சி தரநிலை அதை மொழியிலிருந்தே எடுத்துவிட்டது.

இப்போது லினக்ஸில் கெட்ஸின் மேன் பக்கத்தைத் திறந்தால் விளக்கத்தின் முதல் வாக்கியமே 'இதை ஒருபோதும் பயன்படுத்தாதே' என்கிறது. புத்தகம் அச்சான நாளோடு உறைந்துவிட்டது. டாக்ஸுக்குத் திருந்த வாய்ப்பு இருந்தது, திருந்தியது. பழைய புத்தகம் படிப்பவர்கள் ஒவ்வொரு புது ஃபங்ஷனுக்கும் மேன் பக்கத்தை ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது.

அப்போ எந்தப் புத்தகம் சீக்கிரம் கெட்டுப்போகும்? எது நிக்கும்?

ஸ்கிரீன்ஷாட் அதிகமாக இருக்கும் புத்தகம் சீக்கிரம் கெட்டுப்போகும். இது என் சொந்த அளவுகோல், இதுவரை ஏமாற்றியதில்லை. பழைய புத்தகக் கடைகளில் எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் செயலியை வைத்து ஆண்ட்ராய்டு கற்றுத்தரும் தடிமன் புத்தகங்களை நூறு, இருநூறுக்குக் கூவுவார்கள். எக்லிப்ஸுக்கான ஆண்ட்ராய்டு கருவிகளை கூகுள் 2015 கடைசியோடு கைவிட்டது. வலைப்பக்கம் கட்ட உதவும் ஆங்குலர்ஜேஎஸ் கதையும் அதே. 2016-இல் ஆங்குலர் 2 வந்தபோது முழுக்கத் திருப்பி எழுதினார்கள், பழையதைப் படித்தவர்கள் மறுபடி அரிச்சுவடியில் தொடங்கினார்கள். இந்த மாதிரி விஷயங்களுக்கு டாக்ஸ் போதும், புத்தகத்தில் காசு போடாதீர்கள்.

நிற்பவை: அல்காரிதம், இயங்குதளம், நெட்வொர்க், எஸ்கியூஎல், ரெகுலர் எக்ஸ்பிரஷன், சி. கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது 1988-இல். முந்நூறு பக்கம்கூட இல்லை. இன்றும் கடைகளில் புதிதாக விற்கிறது, இன்றும் அதைப் பரிந்துரைக்கிறேன். பின்னால் வந்த தரநிலைகளின் மாற்றங்களுக்கு மட்டும் இணையம்.

நடுவில் ஒரு ரகம் உண்டு. பைத்தான் 2 புத்தகங்கள். 'பிரிண்ட்' சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாவிட்டால் அந்தக் காலத்தது. 2020 ஜனவரி 1 முதல் பைத்தான் 2-க்கு ஆதரவு இல்லை. வீட்டில் இருந்தால் எடைக்குப் போட வேண்டாம், தம்பிக்கும் கொடுக்க வேண்டாம்.

புத்தகத்துல இருக்கறத அப்படியே அடிச்சேன், ஓடல. தப்பு என் மேலயா?

பத்துக்கு எட்டு முறை நீங்கள்தான், காற்புள்ளியைப் பாருங்கள். அதையும் தாண்டினால் புத்தகம் எந்த வெர்ஷனுக்கு எழுதியது என்று முன்னுரையில் பார்த்து, உங்கள் கணினியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, ஆசிரியரின் அல்லது பதிப்பகத்தின் இணையதளத்தில் எரட்டா என்ற பிழைதிருத்தப் பட்டியல் இருக்கும். நல்ல புத்தகங்களுக்குத்தான் நீளமான எரட்டா இருக்கும். யாரும் படிக்காத புத்தகத்தில் பிழை கண்டுபிடிக்க ஆள் ஏது?

கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் தம் புத்தகங்களில் முதலில் பிழை கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் பரிசு என்று அறிவித்தவர். 256-ஐப் பதினாறடிமான எண்முறையில் 100 என்று எழுதுவார்கள், அதனால் 256 சென்ட் அந்த முறையில் ஒரு டாலர், அந்தக் குறும்புக்காக அந்தத் தொகை. காசோலை வாங்கியவர்கள் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள்.

டாக்ஸ்ல தப்பே இருக்காதா?

நிறைய இருக்கும். அதைவிட அதிகமாக நடப்பது, சரியான பக்கத்தையே தவறான வெர்ஷனில் படிப்பது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் பற்றிக் கூகுளில் தேடி, எப்போதோ ஆதரவு நின்றுபோன வெர்ஷனின் பக்கத்தில் உட்கார்ந்து அரை நாள் போராடியவர்களை எனக்குத் தெரியும் (ஒருவர் நான்). பக்கத்தின் உச்சியில் வெர்ஷன் எண்கள் வரிசையாக இருக்கும். படிக்கத் தொடங்கும் முன் கண் முதலில் அங்கே போக வேண்டும். பைத்தானில் இடது மேல்மூலையில் இருக்கும். அதோடு ஃபங்ஷனின் கீழே 'இந்த வெர்ஷனில் மாறியது' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

உண்மையான பிழை கண்டால் நீங்களே திருத்தி அனுப்பலாம். பல திட்டங்களின் டாக்ஸ், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' என்ற கருவியில்தான் இருக்கிறது. என் முதல் பங்களிப்பே ஒரு பக்கத்தில் விட்டுப்போன ஒரு சொல். நிரல் எழுத பயப்படும் மாணவர்களிடம் இதைத்தான் முதல் வேலையாகக் கொடுக்கிறேன். இன்னொன்றும் பிடிக்கும் எனக்கு: மேன் பக்கங்களில் 'பக்ஸ்' என்றே ஒரு தலைப்பு உண்டு, 1971 கையேட்டிலேயே இருந்தது. தன் குறையைத் தானே தலைப்பு போட்டு எழுதும் மிக்ஸி கையேடு எங்காவது உண்டா?

எங்க காலேஜ் லேப்ல நெட் கிடையாது. அங்க என்ன பண்றது?

டாக்ஸுக்கு இணையம் கட்டாயம் என்று யார் சொன்னது? பைத்தான் டாக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், மின்னூலாகவும் கிடைக்கும். ரஸ்ட் மொழியை நிறுவினால் அதன் முழுப் புத்தகமும் கூடவே வந்து உங்கள் கணினியில் உட்கார்ந்துகொள்ளும். ஸீல் என்ற இலவசச் செயலியில் வேண்டிய மொழிகளின் டாக்ஸை எல்லாம் சேர்த்துவைத்துத் தேடலாம். பைத்தானுக்குள்ளேயே 'ஹெல்ப்' இருக்கிறது.

லினக்ஸ் லேப் என்றால் மேன் பக்கம் எப்போதும் கையில். ஒரு சூட்சுமம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சி மொழியின் பிரிண்ட்எஃப் பற்றிப் பார்க்க 'மேன் பிரிண்ட்எஃப்' என்று தட்டினால் ஷெல்லின் (கட்டளை தட்டும் இடத்தின்) பிரிண்ட்எஃப் வந்து நிற்கும், பையன்கள் 'இதுல ஒண்ணுமே இல்ல சார்' என்பார்கள். மேன் பக்கங்கள் பிரிவுகளாக இருக்கின்றன: 1 கட்டளைகள், 2 சிஸ்டம் அழைப்புகள், 3 நூலக ஃபங்ஷன்கள், 5 கோப்பு அமைப்புகள், 8 நிர்வாகம். நடுவில் ஒரு 3 சேர்த்து 'மேன் 3 பிரிண்ட்எஃப்' என்று தட்டுங்கள். ஆய்வகத் தேர்வில் அனுமதித்தால் இது ஒன்றே பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

டாக்ஸையே பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணிட்டா? புத்தகம் ஆயிடுமே!

ஒரு மாணவர் போஸ்ட்கிரெஸ் டாக்ஸை அப்படிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தார். அதன் பிடிஎஃப் 2,000 பக்கங்களைத் தாண்டும். பக்கத்துக்கு ஒரு ரூபாய் வைத்தால்கூட நல்ல புத்தகங்கள் மூன்று நான்கு வாங்கிவிடலாம். கடைக்காரரே 'தம்பி, நிசமாவா?' என்று கேட்டு அனுப்பிவிட்டார். அடுத்த வெர்ஷன் ஒரு வருடத்தில் வந்துவிடும் என்பது தனி. டுடோரியல் பகுதியை மட்டும் பிரிண்ட் எடுங்கள், அது வேலைக்காகும்.

சட்டப்படி? இங்கே தமிழுக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காசில்லாததா சுதந்திரமானதா என்று குழம்புவார்கள். நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. போஸ்ட்கிரெஸ், பைத்தான் டாக்ஸ் கட்டற்றவை, அச்சிடலாம், பகிரலாம். கிட் பற்றிய ப்ரோ கிட் புத்தகத்தை அச்சிட்டு நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது, அதன் உரிமம் அப்படி. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் மேனுவல்களுக்கென்று 2000-இல் வந்த உரிமத்தில் நூறு பிரதிக்கு மேல் அச்சிட்டால் அட்டையில் என்ன போட வேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. ஒரு பிரதி போடும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

டெலிகிராம்ல எல்லாப் புத்தகமும் பிடிஎஃபா கிடைக்குதே. அப்புறம் ஜெராக்ஸ்… எல்லாரும் பண்றாங்களே?

டெலிகிராம் பிடிஎஃப் திருட்டுப் பிரதி, சுற்றிவளைக்க ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னது. பதிப்பகங்கள் 2017-இல் ஒதுங்கிக்கொண்டன. அது வகுப்புக்கான பகுதிகளைப் பற்றிய தீர்ப்பு. முழுப் புத்தகத்தையும் அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்து விற்கும் கடைக்கு அது கவசம் ஆகாது.

திருட வேண்டிய தேவையே இல்லாத நல்ல புத்தகங்கள் இருக்கும்போது ஏன் இந்த வம்பு? ஆலன் டவ்னியின் திங்க் பைத்தான் முழுவதும் ஆசிரியரே இலவசமாக வைத்திருக்கிறார். இயங்குதளம் படிக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான அர்பாசி-டுஸ்ஸோ தம்பதியின் புத்தகம், அத்தியாயம் அத்தியாயமாக இலவசம். இந்த இரண்டையும் முடித்துவிட்டு டெலிகிராம் பற்றிப் பேசுவோம்.

இந்தியன் எடிஷன் வாங்கலாமா? கம்மி விலையில இருக்கே.

வாங்கலாம், நானும் அதைத்தான் வாங்குகிறேன். காகிதம் மங்கலாக இருக்கும், உள்ளே வண்ணம் இருக்காது. 'படத்தில் சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள்' என்று போட்டிருப்பார்கள், மூன்று கோடும் சாம்பல் நிறத்தில் இருக்கும். வரைபடம் நிறைந்த புள்ளியியல் புத்தகம் என்றால் யோசிக்கவும். பதிப்பு எண் மூலப் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள், ஒரு பதிப்பு பின்தங்கி இருப்பது உண்டு.

நெட்ல ஃப்ரீயா போட்டுட்டு அதையே அச்சிலயும் விக்கிறாங்களே. யார் வாங்குவா?

நான் வாங்கினேன், ப்ரோ கிட். இரண்டாம் பதிப்பு, 2014. இணையத்தில் முழுவதும் இருக்கிறது என்று தெரிந்தேதான். திரையில் படிக்கும்போது பக்கத்து டேபில் என்ன வந்தது என்று கை போய்விடுகிறது, எனக்கு அந்த வியாதி. கிட்டின் உள்கட்டமைப்பு அத்தியாயத்தைத் திரையில் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் விட்டேன். புத்தகத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ரஸ்ட் மொழியின் புத்தகமும் இப்படித்தான், இலவசமாகவும் உண்டு, 2018-இல் அச்சிலும் வந்தது. உங்களுக்குத் திரையில் படிக்க வருகிறதென்றால் காசு மிச்சம்.

இந்த ஃப்ரீ டாக்ஸ் எல்லாம் யார் காசுல ஓடுது? ஒருநாள் நின்னு போச்சுன்னா?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. சிலவற்றை நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து எழுதவைக்கின்றன, சிலவற்றைத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். வலை நிரலர்கள் எல்லோரும் நம்பியிருக்கும் எம்டிஎன் டாக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவுடையது. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது அதை எழுதியவர்களும் அதில் போனார்கள். டாக்ஸ் காணாமல் போகவில்லை, உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் யார் வேண்டுமானாலும் தொடர முடிந்தது. 2021 தொடக்கத்தில் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு வேறு நிறுவனங்களின் நிதியோடு வந்து எழுத்தாளர்களை மறுபடி அமர்த்தியது.

மேலே பிரிண்ட் கேள்வியில் சொன்ன இலவசம், கட்டற்றது வித்தியாசம் கடிக்கும் இடம் இதுதான். வெறும் இலவச டாக்ஸ் என்றால் நிறுவனம் ஒருநாள் மூடிவிட்டுப் போகும், நீங்கள் பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் வே-பேக் மெஷினில் தேடிக்கொண்டிருப்பீர்கள். முக்கியமான வேலைக்கு நம்பியிருக்கும் டாக்ஸ் எதுவானாலும் ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ கிட்ட கேட்டா உடனே சொல்லிடுதே. புத்தகமும் வேண்டாம், டாக்ஸும் வேண்டாம்னு ஆயிடுச்சே?

நானும் கேட்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. பிழைச் செய்தியைப் புரியவைப்பதில் கெட்டி. ஆனால் இல்லாத ஒரு தெரிவை இருப்பதாகப் பளிச்சென்று சொல்லிவிடும். அது இல்லை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? டாக்ஸை வைத்துத்தான். அது சொன்ன ஒவ்வொரு ஃபங்ஷனையும் ரெஃபரன்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சாய்கோடு நட்சத்திரம் எல்லாம் வாசிக்கத் தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை.

இன்னொரு சிக்கல், அதனிடம் கேள்வி கேட்டால்தான் பதில் வரும். என்ன கேட்பது என்றே தெரியாத கட்டத்தில் இருப்பவர்களுக்கு, கேட்காததையும் வரிசையாகச் சொல்கிற ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைப் புத்தகம் செய்கிறது.

தம்பி, பையன் புத்தகம் வாங்கணும்னு 6,000 ரூபாய்க்கு லிஸ்ட் குடுத்திருக்கான். எல்லாத்தையும் வாங்கணுமா?

அப்பாமார்கள் கேட்பது இது, ஜூன் ஜூலையில் வாரம் ஒருவராவது. பட்டியலை எடுத்து வாருங்கள் என்பேன். அண்மையில் வந்த ஒரு பட்டியலில் ஏழு புத்தகங்கள். ஆங்குலர் மாதிரியான இரண்டு ஃபிரேம்வொர்க் புத்தகங்களை அடித்துவிட்டேன், காரணம் ஸ்கிரீன்ஷாட் பற்றிச் சொன்னதுதான். பைத்தான் புத்தகத்துக்குப் பதிலாக மேலே சொன்ன இலவசப் புத்தகம். ப்ரோ கிட்டையும் முதலில் திரையில் முயன்று பார்க்கச் சொன்னேன். மிஞ்சியது மூன்று: சி, அல்காரிதம், நெட்வொர்க்.

அந்த மூன்றில் அல்காரிதம் புத்தகம்தான் விலை கூடியது. 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் சாலையில்தான் இருக்கிறது, சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே ஒரு மாதம் உட்கார்ந்து படிக்கட்டும், அதற்குப் பிறகும் வேண்டும் என்று கேட்டால் வாங்கிக்கொடுங்கள் என்றேன். சி புத்தகத்தை மட்டும் அன்றே வாங்கிவிட்டார்கள். பையனுக்கு என்மேல் லேசான கோபம். அப்பா மட்டும் போகும்போது, 'அந்த டாக்ஸ்ங்கறது எவ்வளவு தம்பி?' என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.